எந்தப் பதவிக்கு இந்தப் பட்டம்?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த மறுவாரம், ஓர் ஆசிரியை எங்கள் கிளைக்கு வந்தார். மும்பைப் புறநகர்க் கிளை ஒன்றில் நான் அப்போது கடன் பிரிவைக் கவனித்துவந்தேன். மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்ததும் இந்தியை விட்டுவிட்டுத் தமிழிலேயே பேசத் தொடங்கினார். தனியார் பள்ளியொன்றில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதம் கற்பிப்பவர். வயது 39. இளநிலை அறிவியல் பட்டமும் பி.எட்.டும் பெற்றவர், பதினான்கு ஆண்டு அனுபவம் உடையவர். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

“சார், வேலையை விட்டுவிட்டு எம்.எட். சேரலாம் என்றிருக்கிறேன். கல்விக் கடன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கிடைக்கும் என்றேன். விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டே, எதற்காக எம்.எட். என்று கேட்டேன்.

“மேலே போக வேண்டும் சார். பதினான்கு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எம்.எட். இருந்தால் நிர்வாகம் மறுக்க முடியாது இல்லையா?”

இந்தக் கேள்விக்கு அன்றே எனக்கு விடை தெரிந்திருக்கவில்லை. படிவத்தை நிரப்பாமல், இரண்டு நாள் கழித்து வரும்படி கேட்டுக்கொண்டேன். கடன் கேட்டு வந்தவரைக் கடன் அதிகாரி அவ்வாறு திருப்பியனுப்பியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

வணிகவியல் பட்டத்துடன் வங்கிப் பணிக்கு வந்தவன் நான். முப்பது வயதை ஒட்டிய காலத்தில், உடன் பணியாற்றியவர்களைப் பார்த்து, தொலைவழியில் மேலாண்மை முதுகலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். கட்டணத்திற்குத் தொடர் வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை மனைவி மக்களுக்குத் தராமல் தேர்வு மையங்களில் கழித்தேன். பட்டம் வந்தது. அடுத்த பதவி உயர்வு நேர்காணலில் அதைப்பற்றி ஒரு சொல்கூட எவரும் கேட்கவில்லை. அந்தப் பதவிக்குரிய மதிப்பீட்டில் அப்பட்டத்திற்கு இடமே இல்லை என்பதைச் சுற்றறிக்கையைப் படித்திருந்தால் முன்பே அறிந்திருப்பேன். சான்றிதழ் இன்றும் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கிறது.

அதே ஆண்டுகளில், இந்திய வங்கியியல் நிதியியல் கழகம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளையும் எழுதினேன். முதலாவதற்கு ஓர் ஊதிய உயர்வு, இரண்டாவதற்கு இரண்டு ஊதிய உயர்வு என்று ஊதிய ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தேர்ச்சி பெற்றதும் ஊதியம் உயர்ந்தது. உழைப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றின் பயன் விதியில் எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றின் பயன் என் மனத்தில் மட்டுமே இருந்தது.

ஆகவே அந்த இரண்டு நாள்களில் ஆசிரியர் பணி தொடர்பான விதிகளைத் தேடிப் படித்தேன். படித்ததன் சாரத்தைச் சொல்கிறேன். ஆசிரியப் பணியிலிருக்கும் வாசகர்க்கும், வீட்டில் ஆசிரியர் ஒருவரைக் கொண்டிருக்கும் வாசகர்க்கும் அது பயன்படக்கூடும்.

விதிகள் சொல்வது என்ன?

நம் நாட்டில் ஆசிரியர் கல்விப் படிப்புகளுக்கு அங்கீகாரம் அளிப்பது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அமைப்பு அது. அதன் 2014ஆம் ஆண்டு விதிகள், அதுவரை ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்., எம்.எட். இரண்டையும் ஈராண்டுப் படிப்புகளாக்கின. அவ்விதிகளுக்கு முன் எம்.எட். முடித்த மூத்த ஆசிரியர் ஒருவரின் அறிவுரையைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு ஓராண்டு ஊதியம் போயிற்று. ஈராண்டுப் படிப்பில் சேரும் இவர்களுக்கு ஈராண்டு ஊதியம் போகும்.

அடுத்து, எம்.எட். எந்தக் கதவைத் திறக்கிறது என்பது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா ஆகியவற்றில் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது, கற்பிக்கும் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். எம்.எட். கட்டாயமில்லை. கேந்திரிய வித்யாலயா முதல்வர் பணிக்கும் முதுகலைப் பட்டம், பி.எட்., குறிப்பிட்ட ஆண்டுகள் அனுபவம் என்பவையே அடிப்படைத் தகுதிகள். தனியார் பள்ளிகள் பலவும் தம் நியமனங்களில் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகின்றன.

அப்படியானால் எம்.எட். யாருக்கு? ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கு. பி.எட். கல்லூரி விரிவுரையாளர், 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து மாவட்டந்தோறும் எழுந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர் போன்றோரின் பட்டம் அது. அங்கும் எம்.எட். மட்டும் போதாது. பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிக்க வேண்டுமானால், கணிதத்தில் முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள்.

உயர்ந்த பட்டம் எல்லாக் கதவுகளையும் திறக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்கு மாறான உண்மையை உணர்த்தியது. தொடக்க வகுப்புகளுக்கு உரிய தகுதி தொடக்கக் கல்விப் பட்டயமே; பி.எட். பட்டம் அதற்கு ஈடாகாது என்று நீதிமன்றம் கூறியது. பட்டயத்தைவிடப் பட்டம் பெரிது என்று எண்ணிச் சேர்ந்த பலர் அன்று திகைத்தனர். படிப்பின் உயரம் வேறு, பணிக்கான பொருத்தம் வேறு.

ஆசிரியையின் கணக்கு

ஆசிரியை மீண்டும் வந்தபோது ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினேன். தொகைகளைச் சற்று மாற்றித் தருகிறேன். மாத ஊதியம் 34,000 ரூபாய் எனில், ஈராண்டில் இழக்கும் ஊதியம் 8,16,000 ரூபாய். கட்டணமும் நூல்களும் 1,50,000 ரூபாய். ஆக, எம்.எட். படிப்பின் உண்மையான விலை 9,66,000 ரூபாய். கடன் விண்ணப்பத்தில் நாங்கள் பார்ப்பது 1,50,000 ரூபாயை மட்டுமே. குடும்பம் செலுத்துவதோ அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்.

மேல்நிலை வகுப்புக்கு மாறினால் அவர் பள்ளியில் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 9,000 ரூபாய். 9,66,000 ரூபாயை அத்தொகையால் மீட்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். 41 வயதில் படிப்பை முடித்தால் 50 வயதில் செலவு சரியாகும். இதுவும் வட்டியைச் சேர்க்காத கணக்கு. அதற்கும் மேலாக, அந்த வகுப்புக்குரிய தகுதி எம்.எட். அன்று, கணித முதுகலைப் பட்டம். அதைத் தொலைவழியில் பணியில் இருந்துகொண்டே படிக்கலாம். கட்டணம் 40,000 ரூபாய் ஆனாலும், கூடுதல் ஊதியத்தில் ஐந்து மாதத்துக்குள் அது திரும்பிவிடும்.

இன்னொரு செய்தியும் இருந்தது. அவருடைய மகள் அப்போது பத்தாம் வகுப்பு. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. தாய்க்கு அந்தச் சலுகைக் காலம் மூன்று ஆண்டில் முடியும். சரியாக அந்த ஜூன் மாதத்தில் மகள் கல்லூரியில் சேர்வாள். தாயின் தவணையும் மகளின் கட்டணமும் ஒரே மாதத்தில் வாசற்படி ஏறும்.

தாளை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதொரு பணி செய்துவிட்டதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“கணக்கு சரி சார். ஆனால் நீங்கள் என்ன சம்பளம் வேண்டும் என்றுதான் பார்த்தீர்கள். என்ன வேலை வேண்டும் என்று கேட்கவில்லை. நான் முதல்முதலாக வகுப்புக்குள் போனபோது அறுபது பிள்ளைகள். எப்படி நிற்பது, எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன். இப்போது எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவிகளும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அதற்குத்தான் எம்.எட்.”

முதல் நாள் அவர் சொன்னது பதவி உயர்வு. இரண்டாம் நாள் சொன்னது வேறு ஒரு பணி. இரண்டும் அவர் மனத்தில் ஒன்றாகக் கலந்திருந்தன. பொய் எதுவும் சொல்லவில்லை. எவரும் அவரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி மட்டுமே கேட்டுவிட்டு, அதையே முழு விடை என நம்பினேன்.

ஆகவே தாளை வாங்கி அதன் பின்பக்கத்தில் மீண்டும் எழுதினோம். பி.எட். கல்லூரியில் கணித ஆசிரியர்களை உருவாக்குவதுதான் இலக்கென்றால் முதுகலைக் கணிதமும் வேண்டும், எம்.எட்.டும் வேண்டும். எது முதலில் என்பதே கேள்வி. முதுகலையை இப்போது பணியில் இருந்தபடியே முடிப்பது. மேல்நிலை வகுப்புக்குச் சென்று அந்த ஊதியத்தைப் பெறுவது. மகள் பட்டப் படிப்பை முடிக்கும் வரை எம்.எட்.டைத் தள்ளிவைப்பது. அதற்கிடையே மாதம் 6,000 ரூபாய்த் தொடர் வைப்பு. ஆறு ஆண்டில் அசல் மட்டுமே 4,32,000 ரூபாய் சேரும், எம்.எட். கட்டணம் போக, வேலையில்லாத ஈராண்டில் சில மாதங்களுக்குக் குடும்பத்திற்குக் கைகொடுக்கும் தொகை அது. கடன் வேண்டியிருந்தால் அப்போதும் சிறு தொகையே வேண்டியிருக்கும்.

“அப்போது எனக்கு நாற்பத்தைந்து ஆகிவிடும் சார்,” என்றார்.

“எம்.எட். படிக்காவிட்டாலும் நாற்பத்தைந்து ஆகத்தான் போகிறது டீச்சர்,” என்றேன். சிரித்தார்.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டியவை

இந்த நிகழ்ச்சிக்குப்பின், மேற்படிப்புக்குக் கடன் கேட்டு வரும் பணியாளர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்பது என் வழக்கமாயிற்று. வாசகர்கள் இவற்றை வங்கிக்கு வருமுன் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். வரிசை மாறாமல் கேட்பது நன்று.

முதலாவது: நான் செய்ய விரும்பும் பணி எது? வகுப்பறையில் நீடிப்பதா, பள்ளியை நடத்துவதா, ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதா, பாடத்திட்டம் வகுப்பதா? ‘மேலே போக வேண்டும்’ என்பது இதற்கு விடை ஆகாது.

இரண்டாவது: அப்பணிக்குரிய பதவியின் பெயர் என்ன? அதன் அறிவிக்கையில் எந்தப் பட்டம், எத்தனை விழுக்காடு மதிப்பெண் எனப் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டுள்ளது? எம்.எட். வேறு, எம்.ஏ. கல்வியியல் வேறு. பின்னதைத் தொலைவழியில் பயிலலாம். கல்வித் துறைத் தொண்டு நிறுவனங்களிலும் ஆய்விலும் பணியாற்ற விரும்புவோர்க்கு நல்ல படிப்பு. ஆயினும் எம்.எட். என்று பெயர் குறித்துக் கேட்கும் இடத்தில் அது ஏற்கப்படும் எனக் கருதிக்கொள்ளக் கூடாது. அதேபோல், எட்டாம் வகுப்பு வரையிலான நியமனங்களுக்கு வேண்டிய ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு எம்.எட். மாற்று அன்று.

மூன்றாவது: அப்படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? 2014ஆம் ஆண்டு விதிகளின் படிப்புப் பட்டியலில் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கும் பி.எட்.டுக்கும் மட்டுமே தொலைவழி வடிவம் உண்டு, எம்.எட்.டுக்கு இல்லை. ‘வீட்டிலிருந்தே எம்.எட்.’ என்று விளம்பரம் கண்டால், பணம் கட்டுமுன் குழுமத்தின் இணையதளத்தில் அக்கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆதலால் சேரும் நாளில் நடப்பிலிருக்கும் விதியைப் பார்ப்பதே முறை.

நான்காவது: மொத்தச் செலவு என்ன? கட்டணத்துடன், இழக்கும் ஊதியத்தையும் கூட்டுங்கள். மத்திய அரசு ஊழியர்க்கான விடுப்பு விதிகளில், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்துப் பொதுவாக 24 மாதம் வரை கல்வி விடுப்புக்கு இடம் உண்டு. தனியார் பள்ளிகளில் இது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. ‘படித்துவிட்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று நிர்வாகம் சொன்னால், எந்தப் பதவி, எவ்வளவு ஊதியம் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் வாக்குறுதியை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

இந்த நான்குக்கும் விடை கிடைத்தபின் கடன் கேட்டு வருபவரை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டிய கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை விளிம்புத் தொகை இல்லை. கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் வருபவற்றுக்கு 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை காலம் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் சேர்வோர் பிணையும் பொறுப்பாளரும் இன்றிக் கடன் பெறலாம்.

தவணை இல்லாத காலத்திலும் வட்டி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டு, ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி எனக் கொண்டால், 1,50,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டில் 45,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் சலுகை தருகின்றன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவு, உயர்கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வகைசெய்தது. தமக்கும், வாழ்க்கைத் துணைக்கும், பிள்ளைகளுக்கும் பெற்ற கடன் இதில் அடங்கும். இச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கே உரியது, அசலுக்கு இல்லை, உறவினரிடம் வாங்கிய கடனுக்கும் இல்லை.

கல்வியை இப்படி ரூபாயில் எடைபோடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கற்றது வீண்போகாது என்பதை நானும் நம்புகிறேன். அலமாரியில் கிடக்கும் என் பட்டத்திற்காகப் படித்த பாடங்கள் சில, இன்று சிறுதொழில் வாடிக்கையாளர்களுடன் பேசும்போது உதவுகின்றன. ஆனால் சொந்தச் சேமிப்பில் அறிவுக்காகப் படிப்பது ஒன்று; பதவியை எதிர்பார்த்துக் கடனில் படிப்பது மற்றொன்று. முன்னதற்கு ஆர்வம் போதும். பின்னதில் பிள்ளையின் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் பணயமாக நிற்கின்றன. அங்கே கணக்குப் பார்ப்பது கல்வியை இழிவுபடுத்துவது ஆகாது. வெறும் கணக்கோடு நின்றுவிடுவதும் சரியன்று என்பதை அந்த ஆசிரியை எனக்குக் கற்பித்தார். நான் எழுதிய முதல் தாளின்படி அவர் நடந்திருந்தால், ஊதியம் உயர்ந்திருக்கும். பயிற்சிக்கு வந்து திகைத்து நிற்கும் மாணவியருக்கு ஓர் ஆசான் கிடைக்காமற் போயிருப்பார்.

இப்போது அவர் முதுகலைக் கணிதத்தில் இரண்டாம் ஆண்டு. மகள் பதினொன்றாம் வகுப்பு. இரவு உணவுக்குப்பின் ஒரே மேசையில் இருவரும் கணக்குப் போடுவதாகச் சொன்னார். தொடர் வைப்பில் இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. கல்விக் கடன் விண்ணப்பம் இன்னும் நிரப்பப்படவில்லை. அவர் அதைக் கேட்டு வரும் நாளில் நான் வேறு ஊரில், வேறு கிளையில் இருப்பேன். அன்று மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரி எதற்காக எம்.எட். என்று கேட்டால், சொல்வதற்கு அவரிடம் ஒரு பதவியின் பெயர் இருக்கும்.